பிள்ளையின் காது, மூக்கு, தொண்டை

(தோட்டப் பிள்ளை பராமரிப்பு நிலையத்தில் நடைபெற்ற தாய்மார் கூட்டத்தில் நலன்புரி உத்தியோகத்தர் ஆற்றிய உரை)



கொழுந்து நிறுத்துக் கொடுத்துவிட்டு, வீட்டுக்கும் போகாமல் நேரே இங்கு வந்திருக்கிறீர்கள். அடுப்பில் உலை வைக்க வேண்டிய நேரம் என்பது எங்களுக்கும் தெரியும். ஆகவே நேரே விசயத்துக்கு வருகிறோம். இன்று பேசப்போவது பிள்ளைகளுக்குக் காது, மூக்கு, தொண்டை பார்க்கின்ற டொக்டரைப் பற்றி. அவர் என்ன செய்கிறார், எப்போது அவரிடம் போக வேண்டும், போகாமல் விட்டால் என்ன ஆகும் என்பதைப் பற்றி.

"பல்லு டொக்டர் தெரியும், கண்ணு டொக்டர் தெரியும். அது என்னங்க, காது, மூக்கு, தொண்டை மூணுக்கும் ஒரே ஆளு?" என்று ஒரு அக்கா கேட்டார். நல்ல கேள்வி. நமது லயத்தை நினைத்துப் பாருங்கள். ஒரு காம்பராவில் அடுப்பு மூட்டினால் அடுத்த காம்பராவிலும் புகை நிற்கும். கூரை ஒன்று, இஸ்தோப்பு ஒன்று. அதுபோலத்தான் இந்த மூன்றும். மூக்கின் பின்பக்கத்திலிருந்து நடுக்காதுக்கு ஒரு சின்னக் குழாய் போகின்றது. மூக்கும் வாயும் தொண்டையில் போய்ச் சேருகின்றன. தொண்டையிலிருந்து ஒரு வழி இரைப்பைக்கு, ஒரு வழி நுரையீரலுக்கு. ஒன்றில் வந்த கோளாறு மற்றதில் போய் நிற்கும். அதனால்தான் மூன்றுக்கும் ஒரே டொக்டர்.

பெரியவர்களுக்கு அந்தக் காதுக் குழாய் நீளமாக, சரிந்து இருக்கும். சின்னப் பிள்ளைகளுக்கு அது கட்டையாக, ஒடுக்கமாக, ஏறக்குறைய மட்டமாகக் கிடக்கும். தடிமன் பிடித்தால் சளியும் கிருமியும் சுலபமாகக் காதுக்குள் ஏறிவிடும். மலைநாட்டுக் குளிர், மழை, ஒரு காம்பராவில் ஆறேழு பேர், உள்ளுக்குள்ளேயே விறகடுப்புப் புகை, போதாக்குறைக்குத் தகப்பனாரின் பீடிப் புகை. இப்படியான இடத்தில் பிள்ளைக்குக் காது வருத்தம் கூடுதலாக வருவதில் புதுமை ஒன்றும் இல்லை. மல்லாக்கப் படுக்க வைத்துப் போத்தலில் பால் கொடுப்பதும் ஒரு காரணம். தாய்ப்பால் குடிக்கின்ற பிள்ளைக்கு இந்த வருத்தம் குறைவு.

சரி, இப்போது காதில் சீழ் வடிவதைப் பற்றிச் சொல்கிறோம். இன்றைக்கு அதிகம் சொல்லவேண்டியது இதைத்தான்.

முதலில் காது குத்தும். பிள்ளை இரவெல்லாம் அழும். பிறகு ஒருநாள் காதுச் சவ்வில் ஓட்டை விழுந்து சீழ் வெளியே வந்துவிடும். வந்தவுடன் வலி நின்றுவிடும். பிள்ளையும் அழுகையை நிறுத்திவிடும். நாமும், "அப்பாடா, கெட்டது வெளிய வந்துருச்சு, இனி சரியாகிரும்" என்று இருந்துவிடுவோம். பல பிள்ளைகளுக்கு அந்த ஓட்டை தானாக மூடிக்கொள்வது உண்மைதான். ஆனால் இரண்டு வாரத்துக்கு மேல் சீழ் வடிந்துகொண்டே இருந்தால் அது தானாக ஆறும் என்று காத்திருக்கக் கூடாது. அந்தச் சீழ் வலிக்காது. காய்ச்சலும் இராது. பிள்ளை விளையாடும், சாப்பிடும், பள்ளிக்கூடம் போகும். அழுதால் டிஸ்பென்சரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடுவோம். அழாத வருத்தத்துக்கு யார் ஓடுவது?

ஒரு பையனின் கதையைச் சொல்கிறோம். வேறு தோட்டத்துப் பிள்ளை, பெயர் வேண்டாம். மூன்றாம் ஆண்டு படித்தவன். "சொல்லுக் கேக்காத புள்ளைங்க, பத்துத் தடவ கூப்புட்டாலும் திரும்பிப் பாக்க மாட்டான்" என்று தாய் சொல்வார். வகுப்பில் அவனைக் கடைசி வாங்கில் உட்கார வைத்திருந்தார்கள். எழுத்தும் வரவில்லை, வாசிப்பும் வரவில்லை. மிட்வைப் மிஸ் ஒருநாள் வேறு வேலையாக அந்த லயத்துக்குப் போனபோது பையனின் காதைப் பார்த்தார். இரண்டு காதிலும் சீழ். வலது காதில் கிட்டப் போனாலே நாற்றம். டொக்டரையா உடனே கிளினிக்குக் கடிதம் எழுதிக் கொடுத்தார்.

அந்தக் கடிதம் சாமிப் படத்துக்குப் பின்னால் ஐந்து மாதம் இருந்தது.

ஏன் என்று கேட்டால் தாயைக் குறை சொல்ல முடியாது. அது கொழுந்து காலம். ஒருநாள் போனால் ஒரு பேர் போய்விடும். பஸ் காசு, வழியில் பிள்ளைக்குத் தேத்தண்ணி, ஒரு பணிஸ் வாங்கிக் கொடுக்கும் காசு. விடிய நாலு மணிக்கு இறங்கினால்தான் நம்பர் எடுக்கலாம். கணவரோ கொழும்பில் கடையில் வேலை. சீழ் வடிந்தாலும் பிள்ளை நன்றாகத்தானே ஓடித் திரிகிறான் என்று நாளைக் கடத்தினார். நாம் அந்த இடத்தில் இருந்தாலும் அப்படித்தான் நினைத்திருப்போமோ என்னவோ.

ஐந்து மாதம் கழித்து டொக்டர் மைக்ரஸ்கோப் வைத்துப் பார்த்தார். இடது காதில் சவ்வில் ஓட்டை மட்டும்தான். கழுவித் துடைத்து, துளி மருந்து கொடுத்து, காதைக் காய வைத்தார்கள். பிற்பாடு ஒட்டுப் போட்டார்கள். வலது காதில் இருந்தது வேறு விதம். சவ்வின் மேல்பக்கத்தில் தோல் உள்ளுக்குள் மடிந்து, உருண்டையாக வளர்ந்து, சுற்றியுள்ள எலும்பை அரித்துக்கொண்டிருந்தது. இந்த விதமான சீழ் கொஞ்சமாகத்தான் வடியும். ஆனால் கெட்ட நாற்றம் அடிக்கும். விட்டால் முகத்தை ஒரு பக்கம் இழுக்கும், மூளைக்கும் ஏறும். இதற்கு மருந்து இல்லை, ஒப்பரேசன் மட்டுமே. செய்தார்கள். பையன் பிழைத்தான். ஆனால் சத்தத்தைக் கடத்துகின்ற மூன்று சின்ன எலும்புகளில் இரண்டை அது தின்றுவிட்டிருந்தது. வலது காதின் கேள்வி திரும்பவில்லை. இன்று முன் வாங்கில், இடது காது ஆசிரியர் பக்கம் இருக்கும்படி உட்காருகிறான். வாசிக்கிறான்.

இங்கே ஒன்றைக் கவனியுங்கள். இந்த டொக்டர் கத்தியை எடுப்பது கடைசியில்தான். அவருடைய வேலையில் பெரும்பங்கு பார்ப்பது, சுத்தம் செய்வது, காத்திருப்பது. ஒட்டுப் போடுகிற ஒப்பரேசனும் நாம் பயப்படுகிற அளவுக்கு இல்லை. காதுக்கு மேலே, தசையை மூடியிருக்கும் மெல்லிய உறையில் ஒரு சின்னத் துண்டை எடுத்து ஓட்டையின்மேல் வைக்கிறார்கள். பிள்ளையின் உடம்பிலிருந்தே எடுத்த துணி, பிள்ளையின் காதுக்கே தையல். சின்ன வயதில் தடிமன் அடிக்கடி வருவதால், பெரும்பாலும் ஏழு எட்டு வயது ஆகட்டும் என்று டொக்டர் தள்ளிப்போடுவார். தள்ளிப்போட்டால் கைவிட்டார் என்று அர்த்தம் இல்லை.

அதுவரை வீட்டில் செய்ய வேண்டியது காதைக் காய வைப்பது. சுத்தமான பருத்தித் துணியைத் திரிபோல முறுக்கிக் காது வாசலில் வையுங்கள். நனைந்ததும் எடுத்துவிட்டு இன்னொன்று. திரி காய்ந்து வரும்வரை அப்படிச் செய்து, பிறகு டொக்டர் தந்த துளி மருந்தை விடுங்கள். ஒரு நாளைக்கு மூன்று தரம். திரியை உள்ளே விட்டு வைக்க வேண்டாம். குளிக்க வார்க்கும்போது பஞ்சில் வெஸ்லின் தடவிக் காதை அடைத்துக்கொள்ளுங்கள். பீலிக்கரையில் பிள்ளையின் தலையை நேரே தண்ணீருக்குள் பிடிக்கிற பழக்கம் வேண்டாம்.

இனி வேண்டாதவை. பூண்டு போட்டுக் காய்ச்சிய எண்ணெய், வெங்காயச் சாறு, தாய்ப்பால், எதையும் சீழ்க் காதுக்குள் விடாதீர்கள். பெரியவர்கள் கோபிக்கக் கூடாது. நீங்கள் பாசத்தில்தான் செய்கிறீர்கள். ஆனால் ஓட்டை விழுந்த காதுக்குள் எண்ணெய் விட்டால் அது நடுக்காதுக்குள்ளேயே போய் நிற்கும். கோழி இறகு, ஊக்கு, நெருப்புக்குச்சி இவற்றால் குடைவதையும் விடுங்கள். காதுக் குறும்பி அழுக்கு அல்ல. அது காதைக் காக்க உடம்பே தருவது.

காதுக்குப் பின்னால் எலும்பின்மேல் வீங்கி, காது முன்னுக்குத் தள்ளி நின்றால் கிளினிக் நாள்வரைக்கும் காத்திருக்காதீர்கள். அன்றைக்கே ஆஸ்பத்திரி. முகம் ஒரு பக்கம் கோணினாலும், காது வருத்தத்தோடு வாந்தியும் கழுத்து விறைப்பும் வந்தாலும் அப்படித்தான்.

சீழே வடியாமலும் காது மந்தமாகும். இது இன்னும் கள்ளத்தனமான வருத்தம். தடிமன் வந்து போன பிறகு சவ்வுக்குப் பின்னால் பசைபோல நீர் தங்கிவிடும். வெளியே பார்த்தால் ஒன்றும் தெரியாது. பிள்ளை டெலிவிசனுக்குக் கிட்டப் போய் உட்காரும், "ஆ? என்னா?" என்று திரும்பத் திரும்பக் கேட்கும், வகுப்பில் பராக்குப் பார்க்கும். நாம் "மந்தம், மக்கு" என்று பெயர் வைத்துவிடுவோம். ஒரு காரியம் செய்து பாருங்கள். பிள்ளைக்குப் பின்னால் நின்று, அது நம்மைப் பார்க்காதபோது, மெதுவான குரலில் பெயரைச் சொல்லிக் கூப்பிடுங்கள். இரண்டு மூன்று நாள் வெவ்வேறு நேரம் பார்த்தும் திரும்பாவிட்டால் டிஸ்பென்சரிக்குக் கூட்டிவாருங்கள். அதேபோல, ஏழெட்டு மாதத்தில் தாயின் குரல் வந்த பக்கம் திரும்பாத குழந்தை, இரண்டு வயதாகியும் இரண்டு சொல்லைச் சேர்த்துப் பேசாத பிள்ளை, இவர்களையும் காட்டத்தான் வேண்டும். "அவங்க அப்பாவும் மூணு வயசுலதான் பேசினாரு" என்று மாமியார் சொல்வார். அப்பா எப்படியோ பேசிவிட்டார். பிள்ளையைச் சோதித்துப் பார்ப்பதில் நட்டம் இல்லை.

இந்தப் பசை நீருக்கு டொக்டர் முதலில் சொல்வது "மூன்று மாதம் கழித்து வாங்க" என்பதுதான். இதைக் கேட்டுவிட்டு வந்து எங்களிடம் சத்தம் போட்டவர்கள் உண்டு. "ஒரு பேர விட்டுட்டு, அம்புட்டு தூரம் போயி, மருந்துகூடக் குடுக்காம அனுப்பிட்டாங்க" என்று. கோபம் நியாயம். ஆனால் டொக்டரின் பக்கமும் நியாயம் இருக்கிறது. அந்த நீர் பெரும்பாலான பிள்ளைகளுக்கு மூன்று மாதத்தில் தானாக வற்றிவிடும். வற்றுகிற பிள்ளைக்கு ஏன் மயக்க மருந்தும் ஒப்பரேசனும்? வற்றாமல் இரண்டு காதும் கேளாமல் இருந்தால்தான் சவ்வில் சின்னக் கீறல் போட்டு நீரை உறிஞ்சி எடுத்து, மோதிரம் போன்ற பொடிக் குழாய் ஒன்றைச் செருகுவார். அரிசி மணியைவிடச் சின்னது. ஆறு மாதமோ ஒரு வருடமோ இருந்து தானே விழுந்துவிடும். ஆகவே மூன்று மாதம் என்றால் மூன்றாம் மாதம் போயே ஆக வேண்டும். முதல் தடவை போய்விட்டு இரண்டாம் தடவை போகாவிட்டால் முதல் தடவை இழந்த பேரும் வீண்.

இதோடு சேர்ந்ததுதான் மூக்குக்குப் பின்னால் வளருகின்ற சதை. அடினோயிட் என்பார்கள். 1868ஆம் ஆண்டு டென்மார்க் நாட்டில் கோபன்ஹேகன் நகரத்தில் வில்ஹெல்ம் மேயர் என்ற டொக்டரிடம் ஓர் இளம்பெண் வந்தாள். காது மந்தம், பேச்சு மூக்கடைத்தாற்போல. காதில் ஒன்றும் பெரிதாகக் காணவில்லை. அவர் விரலை வாய்வழியாக மேலண்ணத்துக்குப் பின்னால் விட்டுத் தடவிப் பார்த்தார். மெத்தென்று ஒரு சதைக் குவியல் மூக்கின் பின்வாசலை அடைத்துக்கொண்டிருந்தது. அதற்குப் பிறகுதான், வாயைத் திறந்துகொண்டே திரிகிற, குறட்டை விடுகிற, காது கேளாத இத்தனை பிள்ளைகளுக்கும் இதுதான் காரணம் என்று உலகத்துக்குத் தெரியவந்தது. அதுவரை அவர்களையும் மக்குப் பிள்ளைகள் என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

பிள்ளை குறட்டை விடுவதைப் பார்த்து நாம் சிரிப்போம். "தாத்தா மாதிரியே" என்போம். தடிமன் நேரத்தில் குறட்டை வருவது வேறு. தினமும் குறட்டை, நடுவில் மூச்சு நின்று பிறகு திமிறிக்கொண்டு மூச்செடுப்பது, வாயைத் திறந்து தலையைப் பின்னுக்குச் சாய்த்துத் தூங்குவது, வளர்ந்த பிள்ளையும் பாயை நனைப்பது, பகலில் தூங்கி வழிவது அல்லது காரணம் இல்லாமல் முரண்டு பிடிப்பது. இவை இருந்தால் தொண்டை முளையும், அதாவது டொன்சிலும், அடினோயிட் சதையும் மூச்சு வழியை அடைக்கின்றனவோ என்று பார்க்க வேண்டும். நிறை ஏறாத பிள்ளைகள் சிலருக்கும் இது ஒரு காரணம். இரவில் ஒருநாள் விழித்திருந்து பார்த்ததை டொக்டரிடம் சொல்லுங்கள். போனில் படம் பிடித்துக் காட்டினால் இன்னும் நல்லது. கிளினிக்கில் பிள்ளை தூங்காதே!

தொண்டை நோவு வந்ததெல்லாம் ஒப்பரேசனுக்கு அல்ல. ஒரு வருடத்தில் ஏழு தரம், அல்லது இரண்டு வருடம் தொடர்ந்து வருடத்துக்கு ஐந்து தரம், அல்லது மூன்று வருடம் தொடர்ந்து மூன்று தரம் கடுமையாக வந்தால்தான் முளையை எடுக்க யோசிப்பார்கள். அதற்குக் கணக்கு வேண்டும் அல்லவா? ஒவ்வொரு தடவையும் டிஸ்பென்சரியில் காட்டிப் பதிந்துகொண்டால்தான் அந்தக் கணக்கு இருக்கும். கடையில் இரண்டு குளிசை வாங்கிப் போட்டால் கணக்கும் இல்லை, சுகமும் இல்லை.

ஒப்பரேசனுக்கு நாள் கொடுத்தால் பயப்படாமல் கேட்க வேண்டியதைக் கேளுங்கள். பிள்ளை முழு மயக்கத்தில் தூங்கும். தூங்க வைப்பதற்கும் மூச்சைப் பார்ப்பதற்கும் தனியாக ஒரு டொக்டர் பக்கத்திலேயே நிற்பார். வாய்வழியாகத்தான் எடுப்பார்கள், கழுத்தில் வெட்டு இல்லை. வார்ட்டில் சொன்ன நேரத்துக்குப் பிறகு ஒரு துண்டு பிஸ்கட்கூடக் கொடுக்கக் கூடாது. மயக்கத்தில் இரைப்பையில் உள்ளது மேலே வந்து நுரையீரலுக்குள் இறங்கினால் உயிருக்கு ஆபத்து. "பச்சப்புள்ள பசியில கெடக்குதே" என்று அம்மாயி ஒளித்துக் கொடுத்த பாண் துண்டால் ஒப்பரேசன் தள்ளிப்போன கதை எங்களிடம் ஒன்றுக்கு மேல் இருக்கின்றது.

முளை எடுத்த இடத்தில் வெள்ளையாகப் படரும். அது சீழ் அல்ல, புண் ஆறுகிற தோல். ஒரு வாரம், பத்து நாள் நோகும். காதும் குத்தும். நோவுக்குத் தந்த மருந்தை நேரத்துக்குக் கொடுத்து, நன்றாகத் தண்ணீர் குடிக்க வைத்து, வழக்கமான சோற்றையே சாப்பிட வையுங்கள். விழுங்க விழுங்கத்தான் ஆறும். அஸ்பிரின் கொடுக்க வேண்டாம். வாயிலிருந்து இரத்தம் வந்தால், அது வீட்டுக்கு வந்து ஒரு வாரம் கழித்து என்றாலும், கொஞ்சம்தான் என்றாலும், உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். நடுச்சாமம் என்று பார்க்க வேண்டாம். 1990க்கு அடித்தால் சுவசெரிய அம்புலன்ஸ் வரும், காசு இல்லை. பாதை கெட்டுக் கிடக்கிற டிவிசன் என்றால் தோட்டத்து வாகனத்தில் பெரிய ரோட்டுவரைக்கும் கொண்டுவாருங்கள்.

இன்னொரு பக்கம் இருக்கிறது. பிள்ளைகள் உள்ளே போட்டுக்கொள்கிற சாமான்கள். இதைச் சொல்லும்போது ஒரு டொக்டரைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியாது.

அமெரிக்காவில் பிட்ஸ்பர்க் என்று ஓர் ஊர். நிலக்கரிச் சுரங்கமும் இரும்பு ஆலையும் உள்ள தொழிலாளர் ஊர். அங்கே 1865இல் பிறந்தவர் செவலியர் ஜாக்சன். தொண்டை டொக்டர். விழுங்கிய சாமானையும் மூச்சில் இழுத்த சாமானையும், முனையில் வெளிச்சம் உள்ள குழாயை வாய்வழியாக விட்டு, கத்தி வைக்காமல் எடுக்கின்ற வழியை ஒழுங்குபடுத்தியவர் அவர்தான். ஊக்கு, காசு, பொத்தான், எலும்பு, கச்சான் என்று எடுத்ததையெல்லாம் கணக்கெழுதி வைத்தார். 2,374 சாமான்கள் இன்றும் பிலடெல்பியா நகரில் மூட்டர் மியூசியத்தில் பெட்டி பெட்டியாக இருக்கின்றன. அவரிடம் வந்தவர்களில் பெரும்பாலோர் சின்னப் பிள்ளைகள்.

அந்தக் காலத்தில் அங்கே வீடு கழுவவும் சவர்க்காரம் காய்ச்சவும் ஒரு காரத் தூள் வைத்திருப்பார்கள். வெள்ளையாகச் சீனிபோல இருக்கும். பிள்ளைகள் எடுத்து வாயில் போட்டுவிடும். தொண்டையும் உணவுக் குழாயும் வெந்து, ஆறும்போது சுருங்கி அடைத்துக்கொள்ளும். சுரங்கப் பகுதியிலிருந்து ஏழு வயது மதிக்கத்தக்க ஒரு பெண் பிள்ளையை அவரிடம் கொண்டுவந்தார்கள். ஒரு வாரமாகத் தண்ணீர்கூட இறங்கவில்லை. ஜாக்சன் குழாயை விட்டு, சுருங்கிய இடத்தில் சிக்கியிருந்த அடைப்பை எடுத்தார். நேர்ஸ் ஒரு கிளாஸ் தண்ணீர் கொடுத்தார். பிள்ளை பயந்து பயந்து ஒரு மிடறு குடித்தது. இறங்கியது. இன்னொரு மிடறு. அதுவும் இறங்கியது. பிள்ளை கிளாசை மெல்ல ஒதுக்கிவிட்டு, டொக்டரின் கையைப் பிடித்து முத்தம் கொடுத்ததாம். அவரே தம் வாழ்க்கை வரலாற்றில் எழுதியிருக்கிறார்.

பிள்ளைகளைக் குணமாக்கினால் போதும் என்று அவர் இருந்துவிடவில்லை. அந்தத் தூள் டப்பாவில் நஞ்சு என்று எழுதவேண்டும் என்று வருடக்கணக்காக அலைந்தார். வியாபாரிகள் எதிர்த்தார்கள். கடைசியில் 1927 மார்ச் மாதம் அமெரிக்காவில் அதற்குச் சட்டம் வந்தது.

நமது காம்பராவுக்கு வருவோம். மண்ணெண்ணெய் எந்தப் போத்தலில் இருக்கிறது? சோடாப் போத்தலில். புல்லுக்கு அடிக்கிற மருந்தில் மிச்சம் எதில்? தண்ணீர்ப் போத்தலில். வெற்றிலைச் சுண்ணாம்பு டப்பா பாட்டியின் தலைமாட்டில். போத்தலில் பெயர் எழுதியிருந்தாலும் மூன்று வயதுப் பிள்ளை வாசிக்காது. சாமானைக் கைக்கு எட்டாத உயரத்தில் பூட்டி வைப்பது ஒன்றுதான் வழி. புல்லு மருந்தை வீட்டுக்குக் கொண்டுவரவே கூடாது. இவற்றில் எதையாவது பிள்ளை குடித்துவிட்டால் வாந்தி எடுக்க வைக்காதீர்கள். போகும்போது சுட்டது வரும்போதும் சுடும். போத்தலையும் எடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

விளையாட்டுச் சாமானில், ரிமோட்டில் இருக்கின்ற பொத்தான் பெட்டரி இப்போது வந்திருக்கிற புது ஆபத்து. உணவுக் குழாயில் சிக்கினால் இரண்டே மணித்தியாலத்தில் சுட்டுப் புண்ணாக்கத் தொடங்கிவிடும். நாளைக்கு வெளியே போய்விடும் என்று வாழைப்பழம் கொடுத்துக் காத்திருக்க வேண்டாம். காதிலோ மூக்கிலோ போட்டுக்கொண்டாலும் அதே அவசரம். தண்ணீரோ எண்ணெயோ ஒரு துளியும் விடக் கூடாது. பயறு, கடலை, மணி போட்டுக்கொண்டால் தோண்ட வேண்டாம். தோண்டினால் உள்ளே போகும், தண்ணீர் விட்டால் ஊதும். ஒரு மூக்கில் மட்டும் நாற்றத்தோடு சளி வந்தால் தடிமன் என்று நினைக்காதீர்கள், உள்ளே ஏதோ இருக்கிறது. ஓடையில் வாயை வைத்துத் தண்ணீர் குடிக்கிற பிள்ளைக்கு மூக்கில் அட்டை ஏறுவதும் உண்டு. ஒரு பக்கம் விட்டுவிட்டு இரத்தம் வடியும்.

கச்சானும் ரம்புட்டான் கொட்டையும் மூச்சுக் குழாயில் போகும். பிள்ளை திடீரென்று புரையேறி இருமும். பிறகு அடங்கிவிடும். அடங்கியதும் நாம் மறந்துவிடுவோம். ஆனால் கச்சான் உள்ளே ஊறிக்கொண்டிருக்கும். பத்து நாள் கழித்து ஒரு பக்க நெஞ்சில் சளிக் காய்ச்சல் என்று வரும். புரையேறிய கதையைச் சொன்னால்தான் டொக்டருக்கு விளங்கும். ஐந்து வயதுக்குக் குறைந்த பிள்ளைக்கு முழுக் கச்சான் கொடுக்க வேண்டாம். ரம்புட்டானைக் கொட்டை எடுத்துவிட்டுக் கொடுங்கள்.

போகிற வழியைச் சொல்லி முடிக்கிறோம். முதலில் நமது டிஸ்பென்சரி. அங்கிருந்து கடிதத்தோடு நுவரெலியா, பதுளை, கண்டி ஆஸ்பத்திரிகளில் உள்ள காது, மூக்கு, தொண்டை கிளினிக். தேவையானால் அவர்களே பேராதனை சிறிமாவோ பண்டாரநாயக்க சிறுவர் வைத்தியசாலைக்கோ, கொழும்பு லேடி ரிட்ஜ்வே சிறுவர் வைத்தியசாலைக்கோ அனுப்புவார்கள். எல்லாம் அரசாங்க ஆஸ்பத்திரி, ஒப்பரேசனுக்குக் காசு இல்லை. கிளினிக் நாளைக் கேட்டுக்கொண்டு போங்கள். பிள்ளையின் கிளினிக் கொப்பியை மறக்க வேண்டாம். 9 மாதத்திலும் 3 வயதிலும் போடுகிற எம்.எம்.ஆர். ஊசி போட்டிருக்கிறதா என்று அதில்தான் பார்ப்பார்கள். கூவைக்கட்டும் ஜெர்மன் சின்னமுத்தும் காதைக் கெடுக்கிற வருத்தங்கள். சிங்களம் பேச முடியாது என்று பயந்து நிற்கிறவர்கள் எங்களிடம் சொல்லுங்கள். டிவிசனில் பேசத் தெரிந்த பிள்ளை ஒருவரைக் கூட அனுப்பலாம், அல்லது வருத்தம் எப்போது தொடங்கியது, எத்தனை தரம் வந்தது என்று ஒரு துண்டில் சிங்களத்தில் எழுதித் தருகிறோம்.

பேர் போகிற விசயத்தையும் பேசியிருக்கிறோம். ஒரே டிவிசனில் மூன்று நான்கு பிள்ளைகளுக்குக் கடிதம் இருந்தால் ஒரே கிளினிக் நாளில் போகும்படி டொக்டரையா தேதி போடுவார். ஒரு தாய் இரண்டு வீட்டுப் பிள்ளைகளைக் கொண்டுபோகலாம், அடுத்த முறை மற்றத் தாய். ஆனால் ஒப்பரேசனுக்குக் கையெழுத்து வைக்கிற அன்றைக்குப் பெற்றவர் யாராவது கட்டாயம் போக வேண்டும். வீட்டில் ஏற்கெனவே கடிதம் வைத்திருக்கிறவர்கள், எவ்வளவு பழையதாக இருந்தாலும் வெட்கப்படாமல் நாளைக்குக் காலையில் பிரட்டுக்கு வரும்போது கொண்டுவாருங்கள். பழைய கடிதத்துக்குப் பதில் புதுக் கடிதம் எழுதித் தருவார்.

இப்போது மிட்வைப் மிஸ் ஒரு பொம்மையைக் கொண்டுவந்திருக்கிறார். புரையேறி மூச்சடைத்த பிள்ளையை எப்படிக் கவிழ்த்துப் பிடித்து முதுகில் தட்டுவது, ஒரு வயதுக்குக் குறைந்த குழந்தைக்கு எப்படி, பெரிய பிள்ளைக்கு எப்படி என்று செய்து காட்டுவார். பின்னால் கதவடியில் நிற்கிற அண்ணன்மாரும் கொஞ்சம் முன்னுக்கு வாங்க. ஒவ்வொருவராக வந்து நீங்களும் செய்து பார்க்க வேண்டும்.